ஊழியத்தின் பாதி வழியில் இருக்கும் தம்பிக்கு என்ன எழுதுவது?

கேள்வி (மிஷனரியின் அக்கா):
என் தம்பி மிஷனரியாகப் போனவன். ஒப்புக்கொண்ட காலத்தில் பாதியைத் தாண்டிவிட்டான். போன புதிதில் பக்கம் பக்கமாக எழுதுவான். புது மொழியில் உளறியது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தது எல்லாம் அதில் இருக்கும். இப்போது ஆதரிப்பவர்கள் எல்லாருக்கும் அனுப்பும் ஜெபக்கடிதம் மட்டும் ஒழுங்காக வருகிறது, அதில் எல்லாமே நன்றாக நடக்கிறது. எனக்குத் தனியாக அனுப்பிய செய்தியில்தான், "ஒருத்தர்கூட முன்வரவில்லை அக்கா, எதற்கு இங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை" என்கிறான். பதில் எழுத உட்கார்ந்தால் வசனம்தான் வருகிறது. அவனுக்குத் தெரியாத வசனமா? பணித்தளத்தில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில் (ஜெபக்குழுக்காரர்):
இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றி எழுதுங்கள் சிஸ்டர். 1793-ல் வங்காளத்துக்கு வந்தவர், அந்த மண்ணைச் சேர்ந்த முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1800 டிசம்பர் வரை காத்திருந்தார். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813-ல் பர்மா போனார், முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். தம்பிக்குத் தெம்பு வரும்.

பதில் (திரும்பி வந்த மிஷனரி):
அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நான் பணித்தளத்தில் இருந்தபோது கேரியின் ஏழு வருஷத்தை எனக்கு எழுதி அனுப்பாதவர்களே இல்லை. எட்டாவது வருஷமும் யாரும் வராவிட்டால் நான் யார் என்ற பயம்தான் அதில் மிஞ்சியது.

சொல்வதானால் முழுசாகச் சொல்லுங்கள். அந்த வருஷங்களில்தான் கேரியின் சிறுவயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். மனைவி டாரதி மனநோயில் விழுந்து மீளவே இல்லை. கடைசியில் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பால் ஒரு தச்சர். தோள் மூட்டு நழுவி வலியில் துடித்தவருக்கு, கேரியோடு இருந்த டாக்டர் தாமஸ் அதைச் சரிசெய்தார். பேச்சு அங்கிருந்துதான் வளர்ந்தது. மூட்டைப் பொருத்திவிட்ட அந்த ஒரு நாளை இன்றைய மாத அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? எண்ணிக்கைக்குக் கட்டம் இருக்கும். மருத்துவமனை வரிசையில் ஒரு பெரியவரோடு அரை நாள் உட்கார்ந்திருந்ததற்கு இருக்காது.

போகும்போது சபையே கைவைத்து ஜெபித்து அனுப்புகிறது. திரும்பினால் வரவேற்புக் கூட்டம். நடுவில் அந்த அறிக்கை மட்டும்தான்.

அதனால் பலன் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். அதே கேரி சொந்த நாட்டில் இருந்தவர்களிடம் பூவிதையும் கிழங்கும் கேட்டு எழுதியவர். வேதத்தில் அப்போஸ்தலன் பவுலும் தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவிடம், துரோவா ஊரில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு மாரிகாலத்துக்கு முன்னே வா என்கிறார். அப்புறம் எலியா தீர்க்கதரிசி. சாக வேண்டும் என்று படுத்தவரிடம் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தரம், நடுவில் தூங்கவிட்டான். தம்பி தூங்குகிறானா? விடுப்பு எடுத்தானா?

உங்களிடம் மட்டும் உண்மையை எழுதியிருக்கிறான். அதை ஜெபக்குறிப்பாக எந்தக் குழுவிலும் போட்டுவிடாதீர்கள்.

அக்கா:
கேட்டேன். விடுப்பே எடுக்கவில்லையாம். கேட்டால் அனுப்பினவர்கள் என்ன நினைப்பார்களோ என்கிறான். தூக்கமும் சரியில்லை.

பதில் (செவிலியர்):
தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போனால் அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கட்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி பேசினால் அன்றைக்கே பொறுப்பாளருக்குத் தெரியவேண்டும், அதற்கு அவன் சம்மதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பதில் (ஜெபக்குழுக்காரர்):
எங்கள் குழுவிலும் மிஷனரிகளிடம் முதலில் கேட்பது "எத்தனை பேர்" என்றுதான். இந்த வாரம் அதை நிறுத்தச் சொல்கிறேன். விடுப்பை அவர் கேட்க வேண்டாம் சிஸ்டர், அனுப்பின சபை எடுக்கச் சொல்லட்டும். மூத்த ஊழியர் ஒருவர் வாய்திறந்தால் போதும்.

அக்கா:
சரி. சபையில் பேசலாமா என்று முதலில் அவனிடம் கேட்கிறேன். என்ன அனுப்ப வேண்டும் என்று நேற்றே கேட்டுவிட்டேன். செருப்பாம்!