பதிப்புரிமைப் புதுப்பித்தல் பதிவு தேடிப் பழகியவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். அமெரிக்காவில் 1963 வரை வெளிவந்த நூல்களை மின்னாக்கம் செய்யும் முன் அவற்றின் பதிப்புரிமை நிலையைச் சில நூலகங்கள் சேர்ந்து சரிபார்க்கிறோம். பல நூலகங்களின் கூட்டு மின்னூலகமான ஹாத்திடிரஸ்ட் கையாண்ட முறைதான்: ஒரே நூலை இருவர் தனித்தனியே பார்ப்பார்கள், முடிவு வேறுபட்டால் மூன்றாமவர் தீர்ப்பார்.

வெளிவந்த 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்காவிட்டால் நூல் பொதுவுடைமை, அதாவது யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். 1940இல் வந்த நூலுக்கு 1967, 1968 பதிவுகளைப் பார்த்தால் போதும். பதிவு கிடைத்துவிட்டால் வேலை எளிது. இல்லை என்று உறுதியாகச் சொல்வதுதான் பெரும்பாடு. ஆசிரியர் இறந்திருந்தால் மனைவியோ பிள்ளைகளோ தங்கள் பெயரில் புதுப்பித்திருப்பார்கள். முதலில் இதழில் வந்த அத்தியாயத்துக்குத் தனிப் பதிவு இருக்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புதுப்பித்தல் தரவுத்தளத்தில் நூல்கள் மட்டுமே இருப்பதால் அது அங்கே அகப்படாது. பதிப்புரிமைக் குறிப்பு இருக்கும் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஸ்கேனில் விடுபட்டிருந்தால் நாங்கள் முடிவே எழுதுவதில்லை. முதலில் வெளிநாட்டில் வந்த நூல்களையும் தனியே ஒதுக்குகிறோம். புதுப்பிக்காமல் உரிமை இழந்த அத்தகைய நூல்கள் பலவற்றுக்கு, சட்ட மாற்றத்தால் 1996இல் அமெரிக்காவில் உரிமை மீண்டுவிட்டது.

எங்களுக்குத் தேவை இரண்டு. பதிப்புரிமை அலுவலகத்தின் பழைய அச்சுப் பட்டியல்களில் இதழ்ப் பகுதியைத் தேடிப் பழகியவர்கள், எந்த வரிசையில் தேடுகிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்தது படங்கள்: உரை பொதுவுடைமை, ஆனால் நடுவே 'அனுமதியுடன்' என்ற குறிப்போடு ஒரே ஒரு நிலப்படம். முழு நூலையும் நிறுத்துகிறீர்களா, அந்தப் பக்கத்தை மட்டும் மறைக்கிறீர்களா? முடிவைக் காரணத்தோடு எப்படிப் பதிவுசெய்கிறீர்கள் என்பதற்கு ஒரு மாதிரிப் படிவம் தந்தால் பேருதவி.