நேரில் பார்த்த கலைப்பொருள் பற்றி ஒப்படை: திருகோணமலையில் எதை எழுதலாம்?

கொமியூனிகேஷன் அக்கா

பஸ் நிலையத்துக்குக் கிட்ட சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், அடையாள அட்டைப் படம், இதுதான் தொழில். ஆறு மாதமாக இணையவழியில் தென்னாசியக் கலை வரலாறு படிக்கிறேன். வகுப்பு இரவு எட்டு மணிக்கு சூமில். வீட்டில் சிக்னல் நிற்காது, அதனால் கடைக் கதவை இழுத்து மூடிவிட்டு உள்ளேயே இருந்து கேட்பேன்.

மூன்றாம் வாரம் சிலைட்டில் தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வம் வந்தாள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற, தங்க முலாம் பூசிய வெண்கலச் சிலை, 8ஆம் நூற்றாண்டு. கிடைத்த இடம்: திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில். வகுப்பு அடுத்த சிலைட்டுக்குப் போய்விட்டது, எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் காதில் ஏறவில்லை. எங்கள் கரையில் கிடந்தவள்! இலங்கையில் பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த பிரவுன்றிக் கொண்டுபோய், 1830இல் மியூசியத்துக்குக் கொடுத்திருக்கிறார். உயரம் 143 செ.மீ. அன்றிரவே கடைக் கதவில் சோக்கால் கோடு போட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் மூக்கு மட்டம். அதுவரை போனில் என் சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள்.

இப்போது ஒப்படை: நேரில் பார்த்த ஒரு கலைப்பொருளை 1,000 சொல்லில் விவரிக்க வேண்டும். படத்தில் பார்த்தது செல்லாதாம், ஆகவே தாரா போனாள். கோணேசர் கோயிலைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். இராவணன் வெட்டு, கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் மன்னன், 1622இல் போர்த்துக்கேயர் இடித்தது, ஒன்றும் விடவில்லை. "கதை நல்லது, பொருள் எங்கே?" என்று திரும்பி வந்தது. சரியான கோபம். பிறகு வாசித்துப் பார்த்தால், ஒரு கல்லைக்கூட நான் பார்த்து எழுதவில்லைதான்.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். கொழும்பு மியூசியத்துக்குப் போக வழியில்லை. என்ன செய்யலாம்?

உப்புவெளிச் சைக்கிள்

திருகோணமலைக்குக் கிட்ட இருக்கிற பழைய பௌத்தப் பள்ளி, வெல்கம் விகாரைக்குப் போங்கள் அக்கா. சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழ்ப் பௌத்தர்கள் விளக்கெரிக்கக் கொடுத்த தானம் எல்லாம் தமிழ்க் கல்வெட்டாக இருக்கிறது. வெயிலுக்கு முன் போனால் நல்லது, தண்ணீர்ப் போத்தல் மறக்க வேண்டாம்.

பழைய நுண்கலைக்காரன்

தங்கச்சி, வெல்கம் விகாரை நல்ல இடம், ஆனால் 1,000 சொல்லுக்கு அது பெரிது. மறுபடியும் வரலாற்றுக்குள் விழுந்துவிடுவீர்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குப் போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது நூறு தரம் கடந்திருப்பீர்கள். கோட்டை கட்டியதே இடித்த கோயிலின் கல்லைக் கொண்டுதான். வாசல் நிலைக்கல்லில் பாண்டியரின் சின்னமான இணைக்கயலும் (இரட்டை மீன்) ஒரு தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கி, "பின்னே பறங்கி" என்று போகிற, குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயர், குலைப்பதைச் சொல்லும் அதே பாட்டுத்தான். அதன் பொருளை எழுதாதீர்கள், அது ஊருக்கே தெரியும். கல் எவ்வளவு அகலம், மீனின் வால் எந்தப் பக்கம், செதில் காட்டியிருக்கிறதா இல்லையா, எழுத்து எவ்வளவு ஆழம், எது தேய்ந்திருக்கிறது, அதை எழுதுங்கள்.

இரண்டு விஷயம். உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. பொழுதுபட்ட பிறகு போய், போன் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழும்பி வரும். நேரே அடித்தால் எல்லாம் வெளிறிப்போகும். மற்றது, பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. க-வா க்-ஆ என்று நீங்கள்தான் வாசித்துக்கொள்ள வேண்டும். அதில் மினக்கெட வேண்டாம், தெரிகிற வடிவத்தை அப்படியே கொப்பியில் வரையுங்கள். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் முதலில் காவலில் நிற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

கோயிலடி

கோணேசரிலேயே செப்புத் திருமேனிகள் இருக்கின்றனவே? 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்த சோழர் காலத்து வேலை.

பழைய நுண்கலைக்காரன்

இருக்கின்றன, அண்ணை. ஆனால் பட்டும் மாலையும் சாத்தினால் முகமும் கையும்தான் தெரியும். இடுப்பு வளைவைப் பற்றி எழுதச் சொன்னால் ஐயரிடமா கேட்பது? தாராவைத் துணியில்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதும், இவர்களை மாலையோடு பார்ப்பதும் ஒன்றல்ல. அது வேறு ஒப்படைக்கு நல்ல தலைப்பு. இந்த வெள்ளிக்கு வேண்டாம்.

கொமியூனிகேஷன் அக்கா

நேற்று ஆறரைக்குப் போனேன், அண்ணா. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன், தனியே நின்று கல்லைத் தடவிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. காவலில் நின்ற பெடியனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. மீனைக் காட்டி, கொப்பியைக் காட்டி, ஒரு மாதிரி விளங்கப்படுத்தினேன். ஒரு கையால் டோர்ச் பிடித்துக்கொண்டு மறு கையால் வரைய முடியாமல் நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, போனை வாங்கி அவரே பிடித்தார். ஓட்டோ வரும்போதெல்லாம் மூவரும் சுவரோடு ஒதுங்கினோம். ஒரு மான் வந்து மகளின் பையை மணந்து பார்த்துவிட்டுப் போனது.

நீங்கள் சொன்னது சரி. நேரே பிடித்தபோது வெறும் கல். சரித்துப் பிடித்ததும் "ற" வந்தது. பக்கத்தில் "ப". அந்தப் பெடியன் விரலை வைத்து அதே வளைவில் இழுத்துப் பார்த்தார்.

கடையில் வந்து எண்ணினேன், 640 சொல். குளக்கோட்டன் பெயர் ஒரே தரம்தான் வருகிறது. மிச்சச் சொல்லுக்கு வியாழன் பின்னேரம் அடிமட்டம் கொண்டு திரும்பவும் போகிறேன். மீனின் நீளத்தை அளக்க மறந்துவிட்டேன்.