போஸ்ட்டொக்: பட்டமா, பணியா?

அன்பின் நண்பர்களுக்கு,

கலாநிதிப் (பிஎச்.டி., தமிழ்நாட்டு வழக்கில் முனைவர்) பட்டத்துக்குப் பிந்திய ஆய்வுப்பணியான 'போஸ்ட்டொக்' (postdoc) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு இங்கே முன்மொழியப்பட்ட சொற்களுள் 'முதுமுனைவர்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கையில் முதுமாணி (மாஸ்டர்ஸ்), முதுதத்துவமாணி (எம்.பில்.) என்று பழகிய காதுக்கு, 'முது' என்ற அடை வந்தாலே அது ஒரு பட்டத்தின் பெயராகத்தான் ஒலிக்கும். நமது உயர்கல்வித் தகைமைச் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டத்திலும் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்திலும் உள்ளன. அதற்குமேல் மட்டமே கிடையாது. டி.லிட். (Doctor of Letters), டி.எஸ்சி. (Doctor of Science) ஆகியவை பல பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்கு மேற்பட்ட பட்டங்களாகக் கருதப்படுவதால், முதுமுனைவர் என்ற சொல்லை வேண்டுமானால் அவற்றுக்கு ஒதுக்கிவிடலாம்.

போஸ்ட்டொக் என்பது கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், நிலையான பதவி கிடைப்பதற்கு முன், மூத்த ஆய்வாளர் ஒருவரின் ஆய்வுகூடத்திலோ ஆய்வுத் திட்டத்திலோ ஊதியமோ உதவித்தொகையோ பெற்றுக் குறித்த காலத்துக்குச் செய்யும் பணி. அதற்குப் பரீட்சையும் இல்லை, பட்டமளிப்பு விழாவும் இல்லை. மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு வாழ்த்துப் பதாகையில் "பின்கலாநிதிப் பட்டம் பெற ஜப்பான் செல்லும் எமது மண்ணின் மைந்தனுக்கு" என்று எழுதியிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவரைக் கொண்டாடும் மகிழ்ச்சியில் குறைகாண எனக்கு மனமில்லை. ஆனால் அவர் திரும்பி வந்ததும் புதுப் பட்டம் என்னவென்று ஊரே கேட்குமே, அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

இந்தப் பணிக்குரிய ஃபெலோஷிப்பைப் 'புலமைப்பரிசில்' என்று பெயர்ப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. மலையகத்தில் அச்சொல்லைக் கேட்ட பெற்றோருக்குத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைதான் முதலில் நினைவுக்கு வரும். 'ஆய்வு உதவித்தொகை' என்றே எழுதலாம்.

என் பரிந்துரை 'கலாநிதிப்பின் ஆய்வுப்பணி'. அதைச் செய்பவர் 'கலாநிதிப்பின் ஆய்வாளர்'. 'பட்டப்பின் கல்வி டிப்ளோமா' நம் ஆசிரியர்கள் அன்றாடம் புழங்கும் பெயராதலால், 'பின்' இவ்வாறு இரண்டாவதாக வருவது இங்கே யாருக்கும் புதிதாக இராது. கலாநிதி என்பது ஆளையும் குறிப்பதால் 'கலாநிதிக்குப் பின்னால் நிற்பவர்' என்று யாரேனும் கேலி செய்யக்கூடும் என்பதை மறுக்கவில்லை. 'கலாநிதிப்பட்டப்பின்' என்று நீட்டினால் அந்தக் கேலி ஓயும், ஆனால் சொல்லை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். 'பின்கலாநிதி' எழுத எளிதுதான். எனினும் அது தனியே நின்றதும் ஆளின் பட்டப்பெயராகி, கடிதத் தலைப்பில் பெயருக்கு முன்னால் ஏறிவிடும். பணியிலிருக்கும்போதும் பணி முடிந்த பின்னும் அவர் கலாநிதிதான். ஆகவே எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் 'ஆய்வாளர்' அல்லது 'ஆய்வுப்பணி' என்ற பகுதியை வெட்டக்கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

முனைவர் என்ற சொல் வழங்கும் தமிழ்நாட்டில் 'முனைவர்பின் ஆய்வாளர்' என்பது இயல்பாக ஒலிக்குமா என்பதை அங்குள்ள நண்பர்கள் சொன்னால், இரு நாட்டு வடிவங்களையும் ஒரே பதிவில் சேர்த்துவிடலாம்.