ஒரு பக்கம் மட்டும் சைனஸ், காரணம் பல்லா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு நாலு மாதமாக இடது மூக்கில் மட்டும் சளி, அதுவும் குமட்டுகிற நாற்றத்தோடு. இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் முடித்தாயிற்று. நிறுத்தினால் பத்தே நாளில் திரும்பி வருகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் பல்லைப் பற்றிக் கேட்டார். மேல் கடைவாய்ப்பல் வேருக்கும் கன்னத்துச் சைனஸுக்கும் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) நடுவே மெல்லிய எலும்புதானாம், வேர்நுனிச் சீழ் அதைத் தாண்டிவிடுமாம். அந்தப் பக்கம் 6 வருடத்துக்கு முன் ரூட் கெனால் செய்த பல் இருக்கிறது. வலியே இல்லை, யாருக்குச் சந்தேகம் வரும்! சிபிசிடி ஸ்கேன் (பல்லையும் தாடை எலும்பையும் முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுக்கச் சொல்லியிருக்கிறார். பல் மருத்துவரோ பிடுங்கிவிடலாம் என்கிறார்.

இதே பிரச்சினை வந்தவர்களுக்கு ரூட் கெனாலைத் திரும்பச் செய்ததிலேயே சரியானதா, பல்லை எடுக்க வேண்டி வந்ததா? எடுத்த இடத்தில் சைனஸுக்கு ஓட்டை விழுந்து, குடித்த தண்ணீர் மூக்கில் வந்ததா? அப்புறம், சைனஸ் ஆபரேஷனும் தேவைப்பட்டதா? அம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.