நானா முஸ்கூரி: பாடகியா, ஏற்றுமதிச் சரக்கா?

மலைக்கோட்டை:
கிரீஸ் பாடகி நானா முஸ்கூரி என்றாலே 'பத்து மொழிக்கு மேல் பாடியவர்' என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. 1961ல் ஜெர்மனியில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற 'ஏதென்ஸின் வெள்ளை ரோஜாக்கள்' பாட்டைப் பாருங்கள். மெட்டு கிரேக்க இசையமைப்பாளர் மானோஸ் ஹாட்ஜிடாகிஸ் போட்டது. கிரேக்க வரிகளில் யாரோ மூன்று முறை விசிலடிக்கிறார்கள். ஜெர்மனுக்குப் போனதும் ரோஜா, பிரிவு, சீக்கிரம் திரும்பி வா! சுற்றுலாத் துறை எழுதியது போல இருக்கிறது. 1981ல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'நபுக்கோ' ஓபராவில் (பாட்டு நாடகம்) வரும் கோரஸை எடுத்து பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் என்று வரிசையாகப் பாடினார். ஒரே மாவு, ஐந்து தோசை.

கேசட்காலம்:
தோசை நன்றாக இருக்கிறது சார், ஆனால் அந்த மெட்டே கிரீஸைப் பற்றிய ஒரு ஜெர்மன் ஆவணப்படத்துக்காகப் போட்டதுதான். சுற்றுலா வாடை அடித்தால் அதற்கு நானா என்ன செய்வார்? வெர்டியிடம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அந்தக் கோரஸில் பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்கள் இத்தாலியனில் பாடுகிறார்கள். அதை யாரும் கேட்பதில்லை.

நேற்று ராத்திரி கிரேக்கப் பதிவையும் ஜெர்மன் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஜெர்மனில் அவருடைய 'ர' உருளுகிறது, வெளியூர்ப் பெண் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அதை மறைக்க அவர் மெனக்கெடவே இல்லை. குரலும் அதே குரல்தான், எங்கேயும் கத்தவில்லை. அப்பா சினிமா கொட்டகையில் ஆபரேட்டர். மகள் ஏதென்ஸ் இசைக் கல்லூரியில் செவ்வியல் இசை படித்தார். ராத்திரியில் ஜாஸ் பாடுகிறார் என்று தெரிந்ததும் 1957ல் பரீட்சை எழுத விடவில்லை. வியாபாரம்தான் நோக்கம் என்றால் அவ்வளவு வருஷம் அங்கே எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்?

மலைக்கோட்டை:
படிப்பை நான் குறை சொல்லவில்லையே. ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டி, 1963 யூரோவிஷனுக்கு வாருங்கள். கிரேக்கப் பெண், பிரெஞ்சுப் பாட்டு, லக்சம்பர்க் சார்பில் போட்டி. கிடைத்தது எட்டாவது இடம். எந்த ஊருக்காகப் பாடினார் என்று அவருக்கே தெரிந்திருக்குமா?

கேசட்காலம்:
கிரீஸ் அந்தப் போட்டிக்குள் முதலில் வந்ததே 1974ல்தான். அதுவரை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? கிரீஸின் கோர்ஃபு தீவில் பிறந்த பாடகி விக்கி லியாண்ட்ரோஸ் 1972ல் ஜெயித்ததும் இதே லக்சம்பர்க்குக்காகத்தான்.

மூக்குக்கண்ணாடி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் பெயரைப் பார்த்தாலே எந்தக் கட்சி என்று தெரியும். அறுபதுகளில் அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலாஃபோன்டே நானாவை அமெரிக்காவில் தன்னுடன் மேடையேற்றினார். நானா போட்டிருந்த கருப்பு ஃபிரேம் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். நிகழ்ச்சியை விட்டே போகிறேன் என்று நானா கிளம்பிவிட்டார், கடைசியில் இறங்கி வந்தது பெலாஃபோன்டேதான். ஏற்றுமதிச் சரக்காக இருந்தால் டப்பாவை மாற்று என்றதும் மாற்றியிருப்பார்.

மலைக்கோட்டை:
இது நல்ல பாயிண்ட், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிறகு அந்தக் கண்ணாடியே டிரேட்மார்க் ஆகிவிட்டது என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் இந்த '30 கோடி ரெக்கார்டு விற்றவர்' கதையை யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். இந்த மாதிரி கணக்கெல்லாம் கம்பெனிக்காரர்கள் வாயால் அளப்பது.

கேசட்காலம்:
30 கோடியை நானும் நம்பவில்லை. நம் சண்டை அதைப் பற்றியும் இல்லை.

மலைக்கோட்டை:
என் வருத்தம் இதுதான். ஊர் ஊராகப் பாடியவர், சொந்த நாட்டு மேடையில் இருபது வருஷத்துக்கு மேல் ஏறவே இல்லை. அதில் ராணுவ ஆட்சி ஏழு வருஷம்தான். மீதிக்கு என்ன பதில்?

கேசட்காலம்:
மீதிக்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. ஆனால் 1984ல் ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில், ஹெரோடஸ் அட்டிகஸ் கல் அரங்கத்தில் பாடினாரே, அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறீர்களா? அத்தனை வருஷம் வெளியே பாடிவிட்டு வந்தவருடைய கிரேக்க உச்சரிப்பு கொஞ்சமாவது தேய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

மலைக்கோட்டை:
சனிக்கிழமை கேட்டுவிட்டு வருகிறேன். லக்சம்பர்க்கை மட்டும் விட மாட்டேன்.