சுற்றுச்சுவரின் அடியில் மண்ணுக்குள் குளவிக்கூடு: தீ வைப்பதா, துளையை அடைப்பதா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் மூன்று இடங்களில் குளவிகள் குடியேறியிருக்கின்றன. சன்னல் சட்டத்தின் மூலையில் கட்டைவிரல் பருமனில் நான்கைந்து மண் உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பின்கட்டுத் தாழ்வாரத்தின் சட்டத்தில், மெல்லிய காம்பில் தொங்கும் சிறு குடையைப் போல, உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறக் கூடு ஒன்று இருக்கிறது. கீழே நின்று பார்த்தால் அதன் அறுகோண அறைகள் திறந்தபடியே தெரிகின்றன. ஆனால் எனக்கு அச்சம் தருவது மூன்றாவது இடம்தான். சுற்றுச்சுவரின் அடியில் எலி வளை போன்ற ஒரு துளை இருக்கிறது. அதிலிருந்து வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டை கொண்ட பெரிய கறுப்புக் குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. நேற்று மாலை தொலைவில் அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரே நிமிடத்தில் பன்னிரண்டு குளவிகள் போய் வந்தன.

சென்ற வாரம் அந்தப் பக்கம் உருண்டோடிய பந்தை எடுக்கச் சென்ற என் அக்காள் மகனை இரண்டு இடங்களில் கொட்டிவிட்டன. முழங்கைவரை வீங்கி, மூன்று நாள்கள் கழித்தே வற்றியது. இரவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்கிறார் அப்பா. துளையைச் சிமெண்டு பூசி அடைத்துவிட்டால் உள்ளேயே செத்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டில் எதையும் செய்வதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பதில் 1

நீங்கள் பார்த்தவை மூன்றும் வெவ்வேறு வகைக் குளவிகள் என்பதால் மூன்றையும் ஒரே விதமாக அணுகக் கூடாது.

சன்னலில் இருப்பது தனித்து வாழும் மண் குளவியின் கூடு. 'குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று நம் முன்னோர் சொன்னது இந்த வகையைப் பார்த்துத்தான். தாய்க் குளவி ஒரு புழுவையோ சிலந்தியையோ கொட்டி, சாகடிக்காமல் செயலிழக்க மட்டும் வைத்து, மண் அறைக்குள் இட்டு, அங்கேயே முட்டையும் இட்டு வாயை மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் இளம்புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, சில வாரங்களில் குளவியாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. காவல் காக்க அதற்கு ஒரு கூட்டமே கிடையாது. கையால் பிடித்து நசுக்கினாலன்றி அது பெரும்பாலும் கொட்டுவதில்லை. அதை விட்டுவிடுங்கள்.

தாழ்வாரத்தில் தொங்குவது, மரநாரை மென்று கூழாக்கிக் கட்டும் காகிதக் குளவியின் கூடு. இவை கூட்டமாக வாழ்பவை. கூட்டை அசைத்தால் கொட்டும். ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால், செடிகளை அரிக்கும் கம்பளிப்புழுக்களைப் பிடித்துச் செல்லும் இந்தக் குளவிகளைக் கலைக்க வேண்டிய தேவையில்லை என்பதே என் கருத்து. வாசலுக்கு மேலேயோ தினமும் கை படும் இடத்திலோ இருந்தால் மட்டும் அகற்றுங்கள். அடுத்த முறை, ராணி தனியாக நாலைந்து அறைகள் மட்டும் கட்டியிருக்கும் நிலையிலேயே கவனித்துவிட்டால், நீளமான கழியால் தட்டிவிட்டு விலகிக்கொள்வது போதும்.

சுவரடியில் இருப்பது, உங்கள் விவரணையை வைத்துப் பார்த்தால், கதண்டு. சில ஊர்களில் கடந்தை என்றும் சொல்வார்கள். இதைத்தான் நீங்கள் உண்மையிலேயே அஞ்ச வேண்டும். தேனீயின் கொடுக்கு நம் தோலில் சிக்கிக்கொள்வதால் அது ஒருமுறை கொட்டியதும் இறந்துவிடும். கதண்டின் கொடுக்கு அப்படிச் சிக்காது. எனவே ஒரே கதண்டு அடுத்தடுத்துப் பலமுறை கொட்டும். அதை அடித்து நசுக்கினால் அதன் நஞ்சோடு வெளிப்படும் வாடை கூட்டிலுள்ள மற்றவற்றையும் கிளப்பிவிடும். ஆகவே கூட்டுக்கு அருகில் ஒன்றைக்கூட அடிக்காதீர்கள்.

தீ வைப்பது பற்றி: துளைக்கு வெளியே எரியும் நெருப்பு, மண்ணுக்குள் வளைந்து செல்லும் கூட்டின் அடிவரை எட்டாது. மேற்பக்கம் இருப்பவை மட்டும் கருகும். மிஞ்சியவை வெறியோடு வெளியே வரும். அந்த இருட்டில், கையில் மண்ணெண்ணெய்க் கேனோடு நிற்பவர் எப்படி ஓடுவார் என்று அப்பாவை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணும் கெட்டு, வேர்களும் வெந்துபோகும்.

பதில் 2

சிமெண்டு பூசும் யோசனையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். எங்கள் வீட்டு வெளிச்சுவரின் அடியில் இருந்த துளையை ஓர் இரவில் அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் சுவரில் காது வைத்தால் ஈரத்தாளைச் சுரண்டுவது போன்ற மெல்லிய ஓசை கேட்டது. மூன்றாம் நாள் காலையில், மின்விசிறி சுவிட்ச் பலகையின் விளிம்பில் இருந்த இடைவெளி வழியாகப் படுக்கையறைக்குள் குளவிகள் வரத் தொடங்கின. தொட்டிலில் குழந்தை இருந்தது. போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிய அந்த அரை நிமிடத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வழியை அடைத்தால் அவை வேறு வழி தோண்டும். அந்த வழி எங்கே திறக்கும் என்பது நம் கையில் இல்லை. கூட்டில் ஓர் உயிரும் இல்லை என்று உறுதியான பிறகே அடைக்க வேண்டும்.

பதில் 3

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். உங்கள் அக்காள் மகனுக்கு ஏற்பட்டது, கொட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் பரவும் வீக்கம். பார்க்க அச்சமூட்டினாலும் பெரும்பாலும் தானே வற்றிவிடும். சோப்பும் நீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடம் கொடுத்து, விரலில் மோதிரம் இருந்தால் வீக்கம் கூடுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியது வேறு. கொட்டிய சில நிமிடங்களில், கொட்டாத இடங்களிலும் தடிப்பு எழுவது, உதடோ நாக்கோ வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இரைப்பது, தலைசுற்றி மயங்குவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அது கடுமையான ஒவ்வாமையாக இருக்கலாம். ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவியை அழையுங்கள்; தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும் மருந்து. அதுவரை அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரவைக்கலாம்; எழுந்து நடக்க விடாதீர்கள். முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பது இம்முறையும் ஆகாது என்பதற்கு உறுதியல்ல.

இன்னொன்றும் உண்டு. பல கதண்டுகள் சேர்ந்து கொட்டினால், ஒவ்வாமையே இல்லாதவருக்கும் நஞ்சின் அளவால் தசைகள் சிதைந்து, ஓரிரு நாள்களுக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழக்கலாம். சிறுநீர் கறுத்துப்போவதும் அளவு குறைவதும் அதன் அறிகுறிகள். அதனால் பல கொட்டுகள் வாங்கியவர் நலமாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லத்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மண்ணெண்ணெய் யோசனையை அவரே கைவிட்டுவிட்டார். துளையிலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, அந்தப் பக்கம் யாரும் போகாதபடி செய்திருக்கிறோம். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வரும்வரை வேறு எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில் 1

கயிறு கட்டியது மிகவும் நல்லது. புல் வெட்டும் இயந்திரத்தையோ மண்வெட்டியையோ அந்தப் பக்கம் பயன்படுத்தாதீர்கள். நில அதிர்வே அவற்றைக் கிளப்பப் போதுமானது. துளைக்கு நேர் எதிரே, அவை பறந்து வரும் பாதையில் நிற்காதீர்கள். தப்பித்தவறி அவை துரத்தினால், கையை வீசாமல், முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஓடி ஏதேனும் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள்.

பணியாளர் பகலில் கூட்டைப் பார்த்துவிட்டு, பெரும்பாலானவை உள்ளே அடங்கிய இரவில், முழுக் காப்புடை அணிந்து, துளையின் வாயில் பெர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லித் தூளைச் செலுத்துவார். போய் வரும் குளவிகள் காலில் ஒட்டிய தூளைத் தாமே உள்ளே கொண்டுசெல்லும். வெள்ளை விளக்கை நோக்கிக் கதண்டு பறந்து வரும் என்பதால் அவர் சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவார். சிவப்பு நிறம் அவற்றின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நீங்கள் வேடிக்கை பார்க்க வராமல், சன்னல்களைச் சாத்தி, வெளிவிளக்குகளை அணைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள். இரண்டு மூன்று நாள்கள் ஒரு குளவியும் போய் வரவில்லை என்பதைப் பகலில் தொலைவிலிருந்து பார்த்து உறுதி செய்த பிறகு, அவரையே கூட்டைத் தோண்டி எடுக்கச் சொல்லி, அதற்கு அப்புறம் துளையைக் கல்லும் மண்ணும் இட்டு இறுக அடையுங்கள்.