Re: பையவுட், டெட் கேப்: தமிழ்ல என்ன சொல்லலாம்? (ஐஸ் ஹாக்கி சொற்கள்)

எல்லாருக்கும் வணக்கம்,

இந்த இழைல இதுவரைக்கும் வந்த பரிந்துரை எல்லாத்தையும் படிச்சேன், நல்லாத்தான் போயிட்டிருக்கு, ஆனா ஒரு விஷயம் எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்கன்னு தோணுது. என்.எச்.எல்-ல (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) ஒவ்வொரு டீமோட மொத்த சம்பளத்துக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு. ஒரு டீம் ஆளை பையவுட் பண்ணும்போது, அதாவது ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடியே காசு குடுத்து அனுப்பும்போது, ஆளுதான் போறான், உச்சவரம்புக் கணக்குல அவன் பேர்ல ஏறுற தொகை போகல; அப்படி நிக்கிற தொகைதான் டெட் கேப். நாம தேடுற சொல் "போயிட்டான்" மட்டும் சொன்னா பத்தாது, இல்லன்னா ரெண்டு சொல்லா பிரிச்சுக்கணும். என் கட்சி ரெண்டாவது.

> "வாங்கி விடுதல்" அப்படியே போடலாமே, நேரா புரியுது

புரியாது அண்ணே. இங்க யாரும் எதையும் வாங்கல. கம்பெனி விவகாரத்துல பையவுட்னா பங்கை வாங்குறது, இது வேற. பாக்கி இருக்குற ஒப்பந்தத்துக்கு ஒரு பகுதி காசு குடுத்து ஆளை வெளிய அனுப்புறாங்க. அவன் அப்புறம் வேற டீம்ல கையெழுத்து போடலாம், ரெண்டு பக்கமும் சம்பளம் வாங்கலாம்.

> பணிநீக்கம்?

அதுல ஒரு குத்தம் பண்ண வாடை வருது. வேணாம்.

> செல்லாக்காசு (டெட் கேப்-க்கு)

கேக்க நல்லா இருக்கு, ஆனா அர்த்தம் தலைகீழ். செல்லாக்காசுன்னா யாரும் வாங்க மாட்டாங்க. இந்தக் காசு உண்மையிலேயே ஒருத்தர் பாங்க்ல போய் விழுது, டீமுக்குத்தான் அதனால ஒரு கோல் கூட வராது.

சரி, நடைமுறை என்னன்னு ஒரு நிஜக் கேஸை வச்சே பாக்கலாம், சும்மா அகராதியை வச்சு சொல் உருட்டிட்டிருந்தா இந்த இழை தீபாவளி வரைக்கும் ஓடும்.

பஃபலோ சேபர்ஸ். 2011-ல பிளேஆஃப் (சீசன் முடிவுல கோப்பைக்காக நடக்குற நாக்அவுட் சுற்று) போனாங்க, அதுக்கப்புறம் 2025 வரைக்கும் தொடர்ந்து 14 சீசன் உள்ளயே போகல, லீக் வரலாற்றுலயே அவ்வளவு நீளமா வெளிய நின்னது வேற யாரும் கிடையாது. இவங்க டீம்ல ஜெஃப் ஸ்கின்னர்னு ஒரு இடது விங் ஆட்டக்காரர். 2018-19ல 40 கோல் போட்டார், உடனே 8 வருஷத்துக்கு 7 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம், சராசரி வருஷத்துக்கு 90 லட்சம். ரெண்டு சீசன் தள்ளி 53 மேட்ச்ல வெறும் 7 கோல். திரும்ப 2022-23ல 35 கோல் போட்டு மொத்தம் 82 பாயிண்ட் (கோலும், கோலுக்கு உதவினதும் சேத்து) எடுத்தார், அடுத்த வருஷம் மறுபடி இறங்கிட்டார். 2024 கோடைல பஃபலோ பொறுமை போய் பையவுட் பண்ணிட்டாங்க, அப்போ ஒப்பந்தத்துல மூணு வருஷம் பாக்கி.

விதி இப்படி: ஆளுக்கு 26 வயசு ஆயிடுச்சுன்னா பாக்கி சம்பளத்துல மூணுல ரெண்டு பங்கு குடுக்கணும், 26-க்குக் கீழன்னா மூணுல ஒரு பங்கு போதும். அதை பாக்கி வருஷத்துக்கு ரெண்டு மடங்கு காலத்துல பிரிச்சுக் குடுக்கணும். ஸ்கின்னருக்கு பாக்கி சம்பளம் 1 கோடி, 70 லட்சம், 50 லட்சம், ஆக மொத்தம் 2 கோடியே 20 லட்சம் (ஒப்பந்தத்துல முன்னாடி வருஷங்கள்ல அதிகமும் பின்னாடி கம்மியும் வர்ற மாதிரி எழுதுறது வழக்கம், இதுதான் பின்னாடி வந்து கழுத்தைப் பிடிக்குது). மூணுல ரெண்டு பங்கு சுமார் 1 கோடியே 46 லட்சத்து சொச்சம். ஆறு வருஷத்துல பிரிச்சா வருஷத்துக்கு 24.4 லட்சம்.

இது கைல குடுக்குற காசு. லீக்கோட உச்சவரம்புக் கணக்குல ஏறுற தொகை வேற. அது எப்படின்னா, அந்த வருஷம் எவ்வளவு சம்பளம் மிச்சமாச்சோ அதை மட்டும் 90 லட்சத்துலேர்ந்து கழிச்சுக்கலாம். முதல் வருஷம் 1 கோடி குடுக்க வேண்டிய இடத்துல 24.4 லட்சம் குடுத்தாச்சு, மிச்சம் 75.6, அதை 90-ல கழிச்சா கணக்குல 14.4 லட்சம்தான். அட பரவாயில்லையேன்னு தோணும். ரெண்டாவது வருஷம் சம்பளமே 70 லட்சம்தான், அதனால மிச்சம் கம்மி, கணக்குல 44.4. மூணாவது வருஷம், அதாவது 2026-27ல, 64.4 லட்சம்! அதுக்கப்புறம் இன்னும் மூணு வருஷம் 24.4, 24.4, 24.4. ஒப்பந்தம் அப்படியே விட்டிருந்தா 2027-ல முடிஞ்சிருக்கும், இப்போ 2030 வரைக்கும் ஸ்கின்னர் பேரு பஃபலோ பேரேட்டுல இருக்கும்.

அவர் என்ன பண்ணார்னா எட்மன்டன் போய் 30 லட்சத்துக்கு ஒரு வருஷம் ஆடினார், ஆயிரம் மேட்சுக்கு மேல ஆடியும் பிளேஆஃப் பாக்காத மனுஷன் 2025-ல முதல் தடவையா பிளேஆஃப் ஐஸ்ல இறங்கினார். பஃபலோ டிவில பாத்துக்கிட்டிருந்தாங்க.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, ஐபிஎல் பழக்கத்துல நாம "விடுவிப்பு"ன்னு சுலபமா எழுதிடுறோம், பேப்பர்லயும் அப்படித்தான் வருது. ஐபிஎல்ல ஆளை விடுவிச்சா அவர் தொகை பர்ஸுக்கு திரும்பி வந்துடும், கதை முடிஞ்சுது. என்.எச்.எல்-ல அப்படி திரும்பாது. அதனால வெறும் விடுவிப்பு போட்டா வாசகன் தப்பாப் புரிஞ்சுக்குவான், பஃபலோக்கு 90 லட்சம் முழுசா கைக்கு வந்துடுச்சுன்னு நினைப்பான்.

என் பரிந்துரை:

சேலரி கேப்: ஊதிய உச்சவரம்பு. நில உச்சவரம்புச் சட்டம் எல்லாருக்கும் தெரியும், அதே சொல், அதே தொனி. இதுக்கு மேல போகவே கூடாதுங்கறது அதுல இருக்கு. 2024-25ல 8 கோடியே 80 லட்சம் டாலர், 2025-26ல 9 கோடியே 55 லட்சம்.

கேப் ஹிட் (ஒரு ஆளுக்காக உச்சவரம்புக் கணக்குல வருஷாவருஷம் ஏறுற தொகை): பற்று. வங்கிப் புத்தகத்துல பற்று, வரவுன்னு போடுறோமே அதே பற்று.

பையவுட்: தீர்த்துவிடல்.

டெட் கேப்: ஆளில்லாப் பற்று.

கடைசி சொல்லுக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன். அடிங்க.

---

தம்பி,

கணக்கு போட்டுக் காட்டினது நல்லா இருந்தது, 14.4-லேர்ந்து 64.4 எப்படி ஏறுதுன்னு இன்னிக்குத்தான் எனக்கு விளங்குச்சு. ஆனா சொல்லுல ரெண்டு இடத்துல முட்டுது.

ஒண்ணு, "ஸ்கின்னரைத் தீர்த்துவிட்டது பஃபலோ"ன்னு தலைப்பு போட்டா படிக்கிறவன் போலீஸ் செய்தின்னு நினைப்பான். எங்க ஊர்ப்பக்கம் தீர்த்துவிடுறதுன்னா ஒண்ணு தாலி அறுத்து விடுறது, இல்லன்னா ஆளையே முடிச்சு விடுறது, நடுவுல வேற அர்த்தம் கிடையாது.

ரெண்டு, பற்றுன்னா மொழிப்பற்று, நாட்டுப்பற்றுதான் முதல்ல மனசுக்கு வரும். ஆளில்லாப் பற்றுன்னா ஒருதலைக் காதல் மாதிரி இருக்கு.

"கணக்கு முடிப்பு" எப்படி? மில்லுல எல்லாம் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்கன்னுதானே சொல்லுவோம்.

---

ஐயா,

தீர்த்துவிடல் போயிடுச்சு, ஒத்துக்கிறேன், தலைப்பை சத்தமா படிச்சுப் பாத்தேன், சிரிப்பு வந்துடுச்சு.

கணக்கு முடிப்பு எனக்குப் பிடிச்ச சொல்தான், ஆனா இந்த இடத்துக்கு சேராது, ஏன்னா இங்க முடியாதது ஒண்ணு இருக்குன்னா அது கணக்குதான். மினசோட்டா வைல்ட் டீமைப் பாருங்க. 2012 ஜூலை 4 அன்னிக்கு ஸாக் பரீஸே, ரையன் சூட்டர்னு ரெண்டு பேரை தலைக்கு 13 வருஷம், 9 கோடியே 80 லட்சம் டாலர்னு ஒரே நாள்ல வளைச்சுப் போட்டாங்க, ஊரே கொண்டாடுச்சு. 2021 ஜூலைல அதே ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பையவுட். முதல் வருஷம் ரெண்டு பேருக்கும் சேத்து 47 லட்சம் சொச்சம்தான் ஏறுச்சு, அடுத்த வருஷம் 1 கோடியே 27 லட்சம், அதுக்கடுத்த ரெண்டு வருஷமும் 1 கோடியே 47 லட்சம். 2024-25 உச்சவரம்புல அது ஆறுல ஒரு பங்கு! மத்த டீமெல்லாம் முழுத் தொகைக்கு ஆள் எடுக்கும்போது இவங்க ஆறுல அஞ்சு பங்கை வச்சுக்கிட்டு ஓட்டணும், நடுவுல 2023-24ல பிளேஆஃபும் போச்சு. 2025-26லேர்ந்து சுமை 16 லட்சத்து சொச்சமா இறங்குச்சு, இறங்கின கையோட தங்க நட்சத்திர வீரர் கிரில் கப்ரீஸோவுக்கு வருஷத்துக்கு 1 கோடியே 70 லட்சம்னு எட்டு வருஷம் எழுதிட்டாங்க. இதைப் போய் கணக்கு முடிப்புன்னா அந்த ஊர் ரசிகன் அடிக்க வருவான்.

அதனால பையவுட்டுக்கு வேற யோசிச்சேன். "விடுவிப்பு" ஏற்கனவே விளையாட்டுச் செய்தில ஊறிப்போன சொல், அதை விடவேணாம், முன்னாடி ஒண்ணு சேத்துக்கலாம்: ஈட்டு விடுவிப்பு. ஈடு குடுத்து விடுவிக்கிறது. "பஃபலோ அணி ஸ்கின்னரை ஈட்டு விடுவிப்பில் அனுப்பியது", "ஈட்டு விடுவிப்புக்கான காலக்கெடு ஜூன் 30". வாக்கியத்துல உக்காருது. யாரும் சாகல.

பற்று பத்தி: மொழிப்பற்று வரும்தான், ஆனா சொல் தனியா நிக்கப் போறதில்ல ஐயா, பக்கத்துல எப்பவும் ஒரு எண் இருக்கும். "இவர் பற்று 85 லட்சம்"னு எழுதினா எவனும் காதல்னு நினைக்க மாட்டான். இன்னும் சந்தேகம்னா முதல் தடவை வரும்போது வரம்புப் பற்றுன்னு முழுசா எழுதிட்டு அப்புறம் சுருக்கிக்கலாம். ஆளில்லாங்கறதும் புதுசு இல்ல, ஆளில்லா விமானம், ஆளில்லா ரயில்வே கேட் எல்லாம் நாம தினமும் படிக்கிறதுதான்.

ஆளில்லாப் பற்றுக்கு இன்னொரு லாபம் இருக்கு, இதை நான் முதல் மடல்ல சொல்லல. ஈட்டு விடுவிப்பு மட்டும் இல்ல, டிரேட் பண்ணும்போது சம்பளத்துல ஒரு பங்கை பழைய டீமே வச்சுக்கற வழக்கத்துக்கும் இதே சொல் பொருந்தும். பாதி வரைக்கும் வச்சுக்கலாம், ஒரே நேரத்துல மூணு பேருக்கு மேல கூடாது. சான் ஹோசே ஷார்க்ஸ் இந்த மூணு இடத்தையும் நிரப்பி வச்சிருந்தாங்க: 2022-ல பிரென்ட் பர்ன்ஸை கரோலைனாவுக்கு, 2023-ல எரிக் கார்ல்ஸனை பிட்ஸ்பர்க்குக்கு, 2024-ல தோமாஷ் ஹெர்ட்லை வேகஸுக்கு அனுப்பும்போது மூணு பேர் சம்பளத்துலயும் ஒரு துண்டை தாங்களே சுமந்துக்கிட்டாங்க. கார்ல்ஸனோட 1 கோடியே 15 லட்சத்துல 15 லட்சம் இவங்க பக்கம் நின்னதாலதான் பிட்ஸ்பர்க்குக்கு அவர் ஒரு கோடிக்கு ஆனார். 2023-24ல 47 பாயிண்ட் எடுத்து லீக்லயே கடைசி, ஜெயிக்கப் போறதில்லன்னு தெரிஞ்சே இருக்காங்க, உச்சவரம்புல இடம் சும்மா கிடக்கு, அதை வச்சு டிராஃப்ட் (புது வீரர்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கிறது) வாய்ப்பும் இளசுகளும் வாங்கலாம்னு ஒரு கணக்கு. அவங்களுக்கு ஆளில்லாப் பற்று தண்டனை இல்ல, விக்கிற சரக்கு. அதனாலதான் "வெட்டிச் சுமை", "தண்டச் செலவு" மாதிரி திட்டு கலந்த சொல்லையெல்லாம் நான் எதிர்க்கிறேன். சொல்லு வெறும் கணக்கா இருக்கட்டும், திட்டுறதை கட்டுரை எழுதுறவங்க பாத்துக்குவாங்க.

சரிஞ்ச டீமை கோடைல எப்படி நிமித்துறதுன்னுதானே நம்ம கட்டுரைத் தொடரே, அதுக்கு எதிர் உதாரணம் ஒண்ணு சேத்துக்கலாம். வாஷிங்டன் கேப்பிடல்ஸ், 2023-24ல பிளேஆஃப்ல எப்படியோ நுழைஞ்சு நாலு மேட்சும் தோத்தாங்க. 2024 கோடைல லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து பியர் லூக் டுபுவாவை, வருஷத்துக்கு 85 லட்சம் பற்று, இன்னும் ஏழு வருஷம் பாக்கி, அப்படியே முழுசா தலைல ஏத்துக்கிட்டாங்க. அவருக்கு 26 வயசு ஆகறதுக்கு சில நாள்தான் பாக்கி, மூணுல ஒரு பங்கு விகிதத்துல ஈட்டு விடுவிப்பு பண்ணா என்ன ஆகும்னு அங்க பத்திரிகைல கணக்கெல்லாம் போட்டுட்டிருந்தாங்க, அந்த நேரத்துல இவங்க கோல்கீப்பர் டார்சி கெம்பரைக் குடுத்து வாங்கிட்டாங்க. கோல் காக்க வேகஸ்லேர்ந்து லோகன் தாம்ப்ஸன், டிஃபென்ஸுக்கு ஒட்டாவாலேர்ந்து ஜேக்கப் சிக்ரன், கட்டற்ற வீரரா மேட் ராய் (கட்டற்ற மென்பொருள்ல பழகின சொல்தான், ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு, அதாவது ஒப்பந்தம் முடிஞ்சு எந்த டீமுக்கும் போகலாங்கற ஆளுக்கு, கச்சிதம்). 91 பாயிண்ட் எடுத்த டீம் அடுத்த சீசன் 111. டுபுவா 66 பாயிண்ட், அவர் வாழ்க்கைலயே அதிகம்.

அதே கோடைல பஃபலோ ஸ்கின்னரை விட்ட இடத்துல ஜேஸன் ஸக்கரை 50 லட்சத்துக்கு ஒரு வருஷம் எடுத்தாங்க, அவர் தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சார். ஆனா உச்சவரம்பைத் தொடவே இல்ல, மிச்சம் வச்சிருந்தாங்க. நவம்பர் கடைசிலேர்ந்து கிறிஸ்மஸ் வரைக்கும் தொடர்ந்து 13 மேட்ச் தோத்தாங்க, அதுக்கு நடுவுல ஜெனரல் மேனேஜர் கெவின் ஆடம்ஸ் எங்க ஊர்ல பனைமரம் இல்ல, வரி வேற இருக்கு, ஆட்டக்காரங்க வர மாட்டேங்கறாங்கன்னு பேட்டி குடுத்தார். கடைசில 79 பாயிண்ட், முந்தின வருஷத்தை விட 5 கம்மி. பனியில உக்காந்துக்கிட்டு பனைமரத்தைக் குறை சொன்ன ஒரே மேனேஜர் அவராத்தான் இருப்பார்.

என் கருத்து என்னன்னா, ஈட்டு விடுவிப்புல வர்ற முதல் வருஷ இடத்தை உடனே நல்ல ஆளுக்கு செலவு பண்ணாத டீமுக்கு அது வெறும் கடன்தான். 14.4 ஏறுற வருஷத்துல ஜெயிக்கலன்னா 64.4 ஏறுற வருஷத்துல எப்படி?

---

ஈட்டு விடுவிப்பு எனக்கு ஏற்பு தம்பி. ஆளில்லாப் பற்றையும் அரை மனசோட ஏத்துக்கிறேன், முதல் தடவை "வரம்புப் பற்று" விளக்கம் கட்டாயம் வரணும்.

ஆனா எல்.டி.ஐ.ஆர் என்ன ஆகும்? அடிபட்டு நீண்ட நாள் வெளிய இருக்கிறவங்க. வாஷிங்டன்லயே நிக்லஸ் பேக்ஸ்ட்ரம் 92 லட்சத்தோட ஐஸ்ல இறங்காமதானே இருந்தார். அதுவும் ஆளில்லாப் பற்றா?

---

இல்ல ஐயா, அங்க ஆளு இருக்கார், ஒப்பந்தமும் இருக்கு, ஆட மட்டும் முடியல. பற்றும் அழியாது, ஆனா அதுக்காக உச்சவரம்பை ஓரளவு தாண்டிக்கலாம்னு லீக் சலுகை குடுக்குது. ஆளில்லாப் பற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது, அதுதான் வித்தியாசம். "நெடுங்காயப் பட்டியல்"னு போட்டுக்கலாமா? நெடுங்கணக்கு, நெடுந்தொடர் வரிசைல வரும். காயத்துக்கு நெடு சேக்கறது யாருக்காவது உறுத்துச்சுன்னா "நீள்காயம்" இருக்கு, எனக்கு ரெண்டும் சம்மதம்.

ஆர்.எஃப்.ஏ-வை (ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட், ஒப்பந்தம் முடிஞ்சும் பழைய டீமுக்கு இன்னும் உரிமை இருக்குற வீரர்) இதுலயே இழுக்காதீங்க, கட்டற்ற வீரர், ஆனா கட்டு உண்டுன்னு அதுவே முரண்டு பிடிக்குது. யாராவது தனி இழை ஆரம்பிங்க, 2024 ஆகஸ்ட்ல செயின்ட் லூயிஸ் ஒரே நேரத்துல எட்மன்டனோட ரெண்டு பசங்களை, ப்ரோபர்க், ஹாலவேய், தூக்கிட்டுப் போன கதையோட நானும் வந்துடறேன்.